சிடி பிளேயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் லேசரைக் கவனியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளின் அலமாரியில் இன்றும் நூற்றுக்கணக்கில் சிடிகள் இருக்கின்றன. நாதஸ்வரம், திருப்புகழ், பழைய திரைப்பாடல்கள், கோயில் பஜனையை யாரோ வீட்டுக் கணினியில் பதிந்து கொடுத்த தட்டுகள். அவற்றைக் கேட்க நடுத்தர விலையில் ஒரு பிளேயர் வாங்க நினைப்பவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே எந்த டிஏசி சிப் (எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றும் சிப்) இருக்கிறது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது தட்டைச் சுழற்றிப் படிக்கும் பகுதியை. தேய்வதும் கெடுவதும் அதுதான்.

சிடியில் இசை ஒரு சுருள் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பாதைகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. 74 நிமிடத் தட்டில் அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். படிப்பது உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று. வெளி விளிம்புக்குப் போகப் போக 200 சுற்றாகக் குறையும். தட்டு சுழலும்போது அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசையலாம். ஆனால் 780 நானோமீட்டர் அலைநீள லேசரின் குவியம் சில மைக்ரோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அதற்காக லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது; கம்பிச் சுருள்களில் ஓடும் மின்னோட்டம் அதை ஒவ்வொரு நொடியும் மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்திக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்த லேசரின் ஒளி மங்கும், லென்ஸில் தூசி படியும், லேசரும் லென்ஸும் உள்ள தலை ஓடும் தண்டவாளத்தில் கிரீஸ் உறையும். பிளேயர் ‘தாவுகிறது’ என்று சொல்வதற்கு இந்த மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம்.

மோட்டார் சற்றே தடுமாறினால் சுருதி மாறுமா என்று பலர் பயப்படுகிறார்கள். மாறாது. படித்த தரவு முதலில் ஒரு நினைவகத்தில் சேர்கிறது. அங்கிருந்து குவார்ட்ஸ் கடிகாரத்தின் தாளத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகளாக வெளியே போகிறது. தம்பூராவின் ஆதார சுருதி கேசட்டில் போல் சிடியில் அலையாததற்கு இதுவே காரணம். கீறலுக்கும் இப்படி ஒரு காப்பு உண்டு. அடுத்தடுத்து வரவேண்டிய தரவைப் பாதையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிரித்து எழுதியிருப்பதால், சுமார் 2.5 மில்லிமீட்டர் நீள இழப்பைப் பிளேயர் முழுமையாகத் திருத்திவிடும். பாதையின் போக்கிலேயே நீளும் கீறல் மட்டும் ஆபத்தானது. அதனால்தான் தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அல்ல. பெயர் அச்சிட்ட பக்கத்தை இன்னும் கவனமாகக் கையாளுங்கள். லேசரைப் பிரதிபலிக்கும் அலுமினியப் படலத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மெல்லிய வார்னிஷ் மட்டுமே இருக்கிறது.

புதிதாக வாங்குபவர்கள் யமஹா சிடி-எஸ்303, டெனன் டிசிடி-600என்இ, மராண்ட்ஸ் சிடி6007 போன்றவற்றில் தேடலைத் தொடங்கலாம். மூன்றுமே சிடிக்கென்றே செய்யப்பட்டவை. டிவிடி பிளேயர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கவே பலவற்றுக்கு டிவி திரை வேண்டும், சில நொடிக்கு 44,100 மாதிரிகளை 48,000 ஆக மாற்றித்தான் வெளியே விடும். ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் டிஜிட்டல் வெளியீடு இருப்பதை வாங்குங்கள். டிஏசி பழசாகிவிட்டதாகப் பிற்பாடு தோன்றினால் வெளியே வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தட்டைப் படிக்கும் பொறியை அப்படி வெளியிலிருந்து சேர்க்க முடியாது.

பழைய பிளேயர் வாங்குவதென்றால் கடைக்கு மூன்று தட்டுகள் கொண்டு போங்கள்: 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் கடைச் சிடி ஒன்று, வீட்டில் பதிந்த சிடி-ஆர் ஒன்று, லேசாகக் கீறல் விழுந்தது ஒன்று. தட்டைப் போட்டதும் மொத்தப் பாட்டு எண்ணிக்கை சில நொடிகளில் திரையில் வர வேண்டும். பத்து நொடிக்கு மேல் தட்டு சுழன்று சுழன்று நின்றால் லேசர் களைத்திருக்கலாம். முதல் பாட்டிலிருந்து நேராகக் கடைசிப் பாட்டுக்குத் தாவச் செய்யுங்கள், பிறகு கடைசிப் பாட்டை முழுதும் கேளுங்கள். தட்டின் வளைவும் ஆட்டமும் வெளி விளிம்பில்தான் அதிகம்; தண்டவாளக் கோளாறும் அங்கேயே தெரியும். கடைச் சிடி நன்றாக ஓடி, சிடி-ஆர் மட்டும் திணறினால் அந்தப் பிளேயரை விட்டுவிடுங்கள். சிடி-ஆரின் பிரதிபலிப்பு குறைவு, மங்கும் லேசர் அதில்தான் முதலில் தோற்கும்.

டிரேயைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். பாதியில் நின்றால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அது மலிவான பாகம்தான், விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம். பிறகு பாட்டை நிறுத்தி வைத்து ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கூட்டுங்கள். ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்டால் மின்வழங்கியில் கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கலாம். இரண்டு பிளேயர்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சற்று உரக்க ஒலிப்பது நல்ல ஒலியாகவே காதுக்குத் தோன்றும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். லேசர் தலையில் ஒரு குட்டி திருகு இருக்கும், அதைத் திருப்பி லேசருக்கு அதிக மின்னோட்டம் கொடுத்தால் செத்த பிளேயரும் சில வாரம் பாடும். ‘இப்பதான் சரி பண்ணினோம்’ என்று விற்பவர் சொன்னால், லேசர் தலையையே மாற்றினார்களா, அந்தத் திருகைத் திருப்பினார்களா என்று கேளுங்கள். திருகைத் திருப்பியது என்றால் வேண்டாம்.

பின்பக்க ஸ்டிக்கரையும் படியுங்கள். தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் பிளேயரை நேராகச் சொருகினால் ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். 230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிடி பிளேயருக்குப் பொதுவாக 50 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் மின்சுமையின் அளவு) தாராளம். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கூரியரில் வரும் பழைய பிளேயரின் அடியில் சிவப்புத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பயணத்தில் லேசர் ஆடாமல் பூட்டுவதற்கானது அது. கழற்றாமல் ஓட்டினால் தட்டு படிக்கவே படிக்காது.

வாங்கிய பிறகு டர்பனில் இரண்டு பகைகள். ஒன்று கடற்காற்றின் ஈரமும் உப்பும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த பிளேயரை ஒரு மணி நேரம் கழித்தே ஓட்டுங்கள், லென்ஸில் பனிக்கும் ஈரம் அதற்குள் காய்ந்துவிடும். லென்ஸைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சி போதும், அழுத்தவே கூடாது. மற்றொன்று மின்வெட்டு. அது முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் மின்னழுத்தம் எகிறலாம். ரிமோட்டில் அணைத்திருந்தாலும் இன்றைய பிளேயர்களின் ஸ்டாண்ட்பை பகுதி உயிரோடு இருப்பதால் அடி அதற்கும் விழும். சுவரில் அணையுங்கள், சர்ஜ் பாதுகாப்புப் பிளக் போடுங்கள். ஒவ்வொரு எகிறலிலும் அதன் உள்ளிருக்கும் பாகம் கொஞ்சம் தேயும், அதனால் காட்டி விளக்கு அணைந்தால் உடனே மாற்றுங்கள்.

லேசர் தலையை மாற்ற நேர்ந்தால் எண்ணை எழுத்து பிசகாமல் பார்த்து வாங்குங்கள். சோனி கேஎஸ்எஸ்-213 வகையில் கடைசி எழுத்து மாறினால் பொருந்தாமல் போகலாம்; சான்யோ எஸ்எஃப்-பி101என்னில் 15 பின், 16 பின் என இரண்டு உண்டு. புதிய தலையில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க ஒரு துளி ஈயம் வைத்து லேசரைக் குறுக்கிணைத்திருப்பார்கள். கேபிளைச் சொருகிய பிறகே அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் விரலிலுள்ள நிலைமின்சாரமே புது லேசரைக் கொன்றுவிடும், எடுக்க மறந்தால் தட்டு சுழலவே சுழலாது.