முகிசுல்: படைக்கலமும் தற்காப்பும்

கொரியத் தற்காப்புக் கலையான ஹாப்கிடோவைக் கற்றுத்தரும் பல பள்ளிகளில், கறுப்புப் பட்டை கட்டிய பிறகுதான் மாணவரின் கைக்குத் தடி வரும். அந்தப் பாடத்துக்குப் பெயர் முகிசுல். தமிழில் இதை 'ஆயுதத் தற்காப்பு' என்று எழுதிவிடுகிறோம். பாதிதான் சரி.

முகிசுல் மூன்று சீன எழுத்துகளின் கொரிய ஒலிப்பு. மு என்பது போர். கி என்பது கருவி. அந்த எழுத்துக்குப் பாத்திரம் என்ற பொருளும் உண்டு. சுல் என்பது வித்தை. தமிழில் 'கலம்' என்ற சொல்லும் இப்படித்தான்: உண்கலம் பாத்திரம், படைக்கலம் போர்க்கருவி. ஆகவே 'முகி'யைப் படைக்கலம் என்று எழுத்துக்கு எழுத்து பெயர்த்துவிடலாம். படை என்றால் இன்று சேனைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 'படைகொண்டார் நெஞ்சம்போல்' என்று குறள் சொல்லும்போது அது கையில் பிடித்த கருவி. ஆயுதம் வடசொல், வழக்கில் ஊறியது, எழுதினால் குற்றமில்லை. இவ்வளவு பொருத்தமான சொல் இருக்கையில் நான் படைக்கலத்தையே எடுப்பேன். ஹாப்கிடோவின் நடுவில் வரும் 'கி' வேறு எழுத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மூச்சு, உள்ளாற்றல்.

சுல் என்ற ஒலிக்குக் கொரிய மொழியில் மது என்ற பொருளும் உண்டு. இரண்டும் வெவ்வேறு சொற்கள், உறவில்லை. ஆனால் ஹாப்கிடோவின் வரலாறே தென்கொரியாவின் தேகு நகரத்து மதுவடிப்பாலை ஒன்றில்தான் தொடங்குகிறது. 1948இல் பன்றிகளுக்குத் தீவனம் வாங்க அங்கே வந்த சோய் யோங் சுல், ஹாப்கிடோவின் நிறுவனராகக் கருதப்படுபவர், தகராறு ஒன்றில் சிலரைச் சுலபமாகச் சாய்த்தார். ஆலை முதலாளியின் மகனும் ஜூடோ வீரருமான சோ போக் சோப் அதைப் பார்த்துவிட்டு அவரிடமே மாணவராகச் சேர்ந்தார்.

இனி 'தற்காப்பு' என்ற பாதி. கொரிய மொழியில் அதற்குத் தனிச்சொல் உண்டு: ஹோசின்சுல். ஹோ காத்தல், சின் உடல். நேராகப் பெயர்த்தால் மெய்காப்பு என்று வரும். ஆனால் தமிழில் மெய்காப்பாளர் இன்னொருவர் உடலைக் காப்பவர். ஹோசின்சுல்லில் காப்பது தன்னுடலை. அதனால் தற்காப்பே சரி.

சிக்கல் 'ஆயுதத் தற்காப்பு' என்ற தொகையில் இருக்கிறது. ஆயுதத்தால் தற்காப்பு என்று மூன்றாம் வேற்றுமையில் விரிக்கலாம். ஆயுதத்திடமிருந்து தற்காப்பு என்று ஐந்தாம் வேற்றுமையிலும் விரிக்கலாம். பயிற்சியில் இவை இரண்டும் வேறு வேறு பாடங்கள். கத்தியோடு வருபவரை வெறுங்கையால் சமாளிப்பதைக் கொரியர்கள் முகிசுல் என்பதில்லை, கல் மக்கி என்பார்கள். கல் என்றால் கத்தி. மக்கி நம் ஊர் டேக்வாண்டோ பிள்ளைகளுக்குப் பழகிய சொல்தான், தடுப்பு. இதைக் கத்தித் தடுப்பு என்றும், முகிசுல்லைப் படைக்கலக் கலை என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் தீரும்.

படைக்கலம் என்றதும் வாளும் வேலும் கண்முன் வருவது இயல்பு. கொரியாவின் பழைய போர்க்கலை அப்படித்தான் இருந்தது. சொங்ஜோ மன்னர் ஆணையில் 1790இல் தொகுக்கப்பட்ட முயே தோபோ தொங்ஜி நூலில் 24 பயிற்சிகள். வெறுங்கைச் சண்டை அவற்றில் ஒன்றே ஒன்று. ஹாப்கிடோ எடுத்துக்கொண்டதோ பெரும்பாலும் அன்றாடப் பொருள்களை: கட்டை, கைத்தடி, கயிறு.

கட்டைக்குப் பெயர் டான்பொங். டான் குறுமை, பொங் தடி, ஆகவே குறுந்தடி. நீளம் ஓரடி, சற்றுக் கூடலாம். அடிப்பதைவிட அழுத்துவதற்கே அது உதவும். தடி பிடித்த கையின் மணிக்கட்டை எதிராளி பற்றினால், கையை இழுத்துப் போராட வேண்டாம். தடியின் முனையை அவர் மணிக்கட்டுக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுகையால் அந்த முனையைப் பிடித்து, எலும்பின்மேல் பதித்து, உடல் எடையைக் கீழே இறக்க வேண்டும். வலி தாங்காமல் அவர் முழங்கால் மடங்கும். தோள்பலம் இதில் பெரிதாக வேண்டியதில்லை.

கறுப்புப் பட்டையில் முதல் டான், இரண்டாம் டான் என்று எண்ணும் 'டான்' இதுவல்ல. அது படிநிலையைக் குறிக்கும் வேறொரு சீன எழுத்து. மடக்கி நீட்டும் மூன்றடுக்குத் தடிக்குக் கொரிய மொழியில் சம்டான்பொங் என்று பெயர். சம் என்றால் மூன்று என்று தெரிந்தவர் அதை 'மூன்று குறுந்தடி' என்று பெயர்த்துவிடக்கூடும். அங்கே டான் அடுக்கு.

நெடுந்தடி சங்பொங், சிலம்பம் ஆடுபவர்கள் அதைக் கம்பு என்றே சொல்வார்கள், அதுவே போதும். கயிற்றால் ஆளைக் கட்டும் வித்தை போபக்சுல், கயிற்றுக்கட்டு எனலாம். கைத்தடிக்குரிய சிபங்கி சீன எழுத்தில் வராத கொரியச் சொல். அதன் வளைந்த பிடியால் எதிராளியின் கழுத்தையோ கணுக்காலையோ கொக்கிபோல மாட்டி இழுப்பார்கள். இதற்கு ஊன்றுகோல் என்று எழுதுவதே நல்லது. 'கைத்தடி' என்றால் தமிழில் அடியாள் என்றும் பொருளாகிவிடும்.