ஹெய் டிக்கி: சொல் விளக்கம்

நியூசிலாந்தின் தொல்குடிகளான மாவோரி மக்கள் போற்றிக் காக்கும் கழுத்தணி ஹெய் டிக்கி. மாவோரி மொழியில் ‘ஹெய்’ என்பது கழுத்தில் அணிவதையும், ‘டிக்கி’ என்பது செதுக்கிய மனித உருவத்தையும் குறிக்கும். அவர்களுடைய மரபுக்கதைகள் சிலவற்றில் முதல் மனிதனின் பெயரும் டிக்கிதான்.

ஹெய் டிக்கியைப் பெரும்பாலும் பௌனாமு என்னும் பச்சைக்கல்லில் செய்வார்கள். இதை மரகதம் என்று எழுதுவது பிழை. மரகதம் முற்றிலும் வேறொரு கனிமம். பௌனாமு நியூசிலாந்தின் தென் தீவில் மட்டுமே கிடைப்பதால், அத்தீவின் மாவோரிப் பெயரிலேயே இக்கல்லின் பெயர் கலந்திருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, தென் தீவின் இயற்கையான பௌனாமு ங்காய் டாஹு குலத்தாரின் உடைமையாக மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. இரும்புக் கருவிகள் வருமுன், இந்தக் கடினமான கல்லை மணற்கல்லில் நீர்விட்டுத் தேய்த்துத் தேய்த்தே உருவாக்கினார்கள்.

பழைய ஹெய் டிக்கி ஒன்றை உற்றுப் பார்த்தால், ஒருபுறம் சாய்ந்த பெரிய தலையும், தொடைமேல் ஊன்றிய கைகளும், சிப்பி பதித்த வட்டக் கண்களும் தெரியும். உச்சியில் கயிறு கோத்த துளை, பல தலைமுறை அணிந்ததால் தேய்ந்து அறுந்துபோயிருக்க, அதனருகே புதிய துளை இட்டிருப்பதும் உண்டு. ஹெய் டிக்கி என்ற சொல் ஒரு குடும்பத்துக்கு உணர்த்தும் பொருளை எந்த அகராதியையும்விட அந்தத் தேய்மானமே தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

மாவோரி மக்கள் இதனை ‘டாவோங்கா’ என்பார்கள். பேணிக் கைமாற்ற வேண்டிய செல்வம் என்பது அதன் பொருள். அணிந்திருந்த முன்னோரின் ‘மனா’, அதாவது மதிப்பும் ஆற்றலும், அதில் தங்கியிருப்பதாகக் கருதுவதால், தலைமுறை கூடக் கூட அதன் பெருமையும் கூடுகிறது. இறந்தவருடன் அதைப் புதைத்து, பிற்காலத்தில் எடுத்து உறவினர் மீண்டும் அணிந்ததும் உண்டு.

ஹெய் டிக்கிக்குத் தமிழில் ‘தாயத்து’ என்பது பொருந்தாது. தாயத்து, அணிபவரைக் காக்கும் மந்திரப்பொருள் மட்டுமே. ‘தாலி’ திருமணத்தோடு பிணைந்துவிட்ட சொல். ‘பதக்கம்’ என்றதும் இன்று விளையாட்டுப் பரிசு நினைவுக்கு வந்தாலும், மாலையில் கோத்துத் தொங்கவிடும் அணிக்கு அது பழகிய பெயர்தான். எனவே ‘முன்னோர் பதக்கம்’ என்பதே தகுந்த தமிழ்ச்சொல். கட்டுரைகளில் ஹெய் டிக்கி என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் இச்சொல்லை விளக்கமாகச் சேர்க்கலாம். ஹெய் டிக்கிகளுள் தனிப்பெயர் சூட்டப்பெற்றவையும் உண்டு. அவற்றை அப்பெயரால்தான் குறிப்பிட வேண்டும்.