டைல்ஸ் வெட்டும் தட்டும் அதன்மேல் விழும் தண்ணீரும்

கல்முனையிலிருந்து காத்தான்குடி வரையான கரையோர வீதியில், புதிதாக எழும் வீடுகளின் முற்றத்தில் மேசன்மார் கைக் கிரைண்டரால் டைல்ஸ் வெட்டும்போது வெண்புழுதி பறப்பது பலருக்கும் பழக்கமான காட்சி. அதே டைலைத் தண்ணீர் விட்டு வெட்டும் மேசை இயந்திரத்தில் வைத்தால், புழுதிக்குப் பதிலாகச் சாம்பல் நிறச் சேறு வடிகிறது. இது ஏன் என்று அறிய வெட்டும் தட்டின் விளிம்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

அந்த விளிம்பில் பற்கள் இல்லை. உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கி உருவாக்கிய பட்டையில் செயற்கை வைரப் பொடி பதிக்கப்பட்டிருக்கும். ஆகவே தட்டு டைலை அறுப்பதில்லை, அரைத்துக்கொண்டு போகிறது. 180 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். பல் இல்லாததால் கையை வெட்டாது என்று சிலர் துணிந்து சொல்வதுண்டு. இந்த வேகத்தில் ஓடும் வைரப் பொடிக்குத் தோலும் எலும்பும் எம்மாத்திரம்!

வைரம் மழுங்க மழுங்க, அதைப் பிடித்திருக்கும் உலோகமும் தேய்ந்து புதிய வைரத்தை வெளிக்காட்ட வேண்டும். கடினமான போர்சலின் டைலில் உலோகம் போதியளவு தேயாமல் விளிம்பு வழுவழுப்பாகிவிடுவதுண்டு. அத்தகைய தட்டை எறியத் தேவையில்லை. சொரசொரப்பான சீமெந்துக் கல்லில் சில வெட்டுகள் போட்டால் மீண்டும் வெட்டத் தொடங்கும்.

அரைக்கும் இடத்தில் கடும் வெப்பம் பிறக்கிறது. காற்றில் ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேல் வைரமே ஒட்சிசனுடன் சேர்ந்து அழியத் தொடங்கும். அதற்கு முன்பே உருக்குத் தட்டு வளையக்கூடும். தண்ணீர் இந்த வெப்பத்தை வாங்கிக்கொள்வதோடு, அரைபட்ட துகளையும் வெட்டிலிருந்து கழுவிச் செல்கிறது.

அந்தத் துகளில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. டைலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் படிக சிலிக்கா, சில மைக்ரோமீற்றர் அளவுக்குப் பொடிந்தால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கிவிடும். அங்கே அதை விழுங்கும் காவற் கலங்கள் அதைச் செரிக்க முடியாமல் இறக்கின்றன. அழற்சி தொடர்ந்து, இழையம் தழும்பாகி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயில் இறுகிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் 1997இல் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. முகத்தில் கட்டும் லேஞ்சி இத்துகளைத் தடுக்காது. தண்ணீர் பெரும்பகுதியைப் பிடித்தாலும், தெறிக்கும் தூவானத்திலும் துகள் இருப்பதால், முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் தேவை.

தண்ணீர் நல்லதென்று கேள்விப்பட்டு, ஒருவர் கைக் கிரைண்டரால் வெட்ட, மற்றவர் சோடாப் போத்தலின் மூடியில் துளையிட்டுத் தண்ணீர் பீச்சும் வழக்கமும் இருக்கிறது. உலர் வேலைக்கென்று செய்த கிரைண்டரின் காற்றுத் துளைகள் வழியே தண்ணீர் உட்புகுந்தால், 230 வோல்ற் மின்சாரம் ஈரக் கைக்கு வந்துவிடும். மேசை இயந்திரத்துக்கும் 30 மில்லி அம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அவசியம். வயர் வழியே ஒழுகும் தண்ணீர் பிளக்கை அடையாமல் கீழே சொட்டிவிட, வயரைப் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருக வேண்டும். தொங்கும் சாரமும் தளர்ந்த கையுறையும் சுழலும் தட்டின் அருகே கூடாது.

வெட்டும்போது டைலை மேசையில் அழுத்தி, நேராகத் தள்ள வேண்டும். சற்றுத் திரும்பினாலும் தட்டு இறுகி டைலை எறியும். மோட்டாரின் சத்தம் தாழ்ந்தால் தள்ளும் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கடைசி இரண்டு சென்ரிமீற்றரில் மீந்திருக்கும் ஒடுங்கிய பகுதி பாரம் தாங்காமல் முறியும் என்பதால், அங்கே இன்னும் மெதுவாகத் தள்ளி, இரு துண்டுகளையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். விரலுக்குப் பதிலாகப் பலகைத் துண்டால் தள்ளுவது நல்லது. மூலை வெட்டுக்கு, உள்மூலையில் முதலில் சிறு துளை போட்டால் தகைப்பு, அதாவது டைலுக்குள் எழும் அழுத்தம், ஒரே புள்ளியில் குவியாது, வெடிப்பும் ஓடாது.

வேலை முடிந்ததும் சேற்றைக் காயவிட்டுப் பெருக்கினால், தண்ணீர் பிடித்துவைத்த துகள் மீண்டும் காற்றில் ஏறிவிடும். ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்துப் பையில் கட்ட வேண்டும். தொட்டியில் மிஞ்சியதைக் கானுக்குள் ஊற்றாமல் ஓரிரவு அடைய விட்டால் தெளிநீர் மேலே நிற்கும். அதை வடித்து மறுநாள் வெட்டுக்குப் பயன்படுத்தலாம்.