முதலில் ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறையுங்கள்

முதல் தடவை ஸ்டுடியோவுக்குப் பாட வருகிறவர்கள் பதிவு பூத்துக்குள் போய் ஹெட்ஃபோனை மாட்டியதும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இன்னும் கொஞ்சம் சவுண்டு வைங்க." வைப்போம். அடுத்த டேக்கில் இன்னும் கொஞ்சம்.

ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தில் பாடகரும் வயலின்களும் தபலாவும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் பாட்டை முடித்தார்கள். இப்போது எல்லாமே தனித்தனி டிராக். பூத்துக்குள் தனியாக நிற்பவருக்குத் துணை காதில் ஓடும் இசையும், தாளத்துக்கான கிளிக் சத்தமும்தான், அதனால் சத்தமாகக் கேட்பதில் தப்பில்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் அருமையாகப் பாடினார். சரணம் முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுபோய் மெல்லிய ஹம்மிங் மட்டும் வரும். டிராக்குகளை ஒன்றுசேர்க்கிற மிக்ஸிங்கில் கேட்டால் அந்த ஹம்மிங்குக்குப் பின்னால் 'டிக், டிக், டிக்'. தன் குரல் கேட்கவில்லை என்று ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கி வைத்துப் பாடியிருக்கிறார். ஒரு சாண் தூரத்தில் இருக்கிற கண்டென்சர் மைக், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற வகை, அதை விடுமா? ஹெட்ஃபோனில் அவர் விலக்கி வைத்த பக்கத்தை நான் மியூட் செய்யாதது என் தப்பு. நீக்கிப் பார்த்தேன், கிளிக்கோடு மூச்சும் போய்விட்டது. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருந்தவரைத் திரும்பவும் வரவழைக்க வேண்டியதாயிற்று. 'மிக்ஸிங்கில் பார்த்துக்கலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட.

ஒரு காதைத் திறந்து வைத்துத்தான் பாட வருமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் குரல் கேட்கவில்லையா, மொத்தச் சத்தத்தையும் ஏற்றச் சொல்லாமல் கீபோர்டைக் குறைக்கச் சொல்லுங்கள். காதில் சத்தம் ஏற ஏற ஆட்கள் குரலை அழுத்திக் கத்த ஆரம்பிக்கிறார்கள், சுருதி நழுவுகிறது, தினமும் பார்க்கிறேன்.

அப்புறம் காது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியாஷ் (NIOSH) நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். நாம் ஒரு பல்லவிக்கே அதைவிட அதிக நேரம் எடுப்போம். வீட்டுக்குப் போன பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அதைக் களைப்பு என்று தள்ளாதீர்கள். மறுநாளும் இருந்தால் காது மருத்துவரிடம் போங்கள்.

இப்போது பூத்தில் இருக்கும் ஹெட்ஃபோன் குமிழில் ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டி, அதைத் தாண்டித் திருகக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் யாரோ அதைப் பிய்த்துவிட்டார்கள். மறுபடி ஒட்டியிருக்கிறேன்.