சோனார் மீயொலி அல்ல

திமிங்கலங்கள் கரையொதுங்கிச் செத்த செய்தி வந்தால், "போர்க்கப்பல்களின் மீயொலி அலைகளே காரணம்" என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். பிழை. மூலச் செய்தியில் இருப்பது சோனார்; நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் கருவி. அதற்கு மீயொலி மொழிபெயர்ப்பே அல்ல.

ஒலியால் வழியும் தொலைவும் அறிதல் என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்தான் சோனார். இரண்டாம் உலகப் போரின்போது, ரேடாரை ஒட்டி அமெரிக்காவில் வைத்த பெயர். பிரிட்டிஷ் கடற்படை அதையே ஆஸ்டிக் என்றது.

மீயொலியும் நல்ல சொல்தான். மீ என்றால் மேல்; மனிதக் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்கு மேற்பட்ட ஒலி. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் பால் லாஞ்சுவான் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துச் செய்த கருவி மீயொலியில்தான் இயங்கியது. மீன்பிடிப் படகுகளில் கடலாழம் அளக்கும் எக்கோ சவுண்டரும் பெரும்பாலும் 50,000 அல்லது 2,00,000 ஹெர்ட்ஸில் இயங்குவது. பள்ளிப் பாடத்திலும் சோனார் என்றதும் மீயொலி வந்துவிடும். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் அதிர்வெண் ஏற ஏறக் கடல்நீர் ஒலியை விழுங்கிவிடும். தொலைவில் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைப் பிடிக்க வேண்டுமானால் அதிர்வெண்ணைக் குறைத்தே ஆக வேண்டும். அமெரிக்கப் போர்க்கப்பல்களின் 53சி சோனார் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. நம் காதுக்கே நன்றாகக் கேட்கும் கூவல் அது. மீயொலி என்று படிப்பவருக்கு மருத்துவமனை ஸ்கேன்தான் நினைவுக்கு வரும். கேட்காத ஒலி என்ன செய்துவிடும் என்று நகர்ந்துவிடுவார். அங்கே நடப்பதோ பேரிரைச்சல்.

2000 மார்ச்சில் பகாமாஸ் தீவுகளில் 17 கடல் பாலூட்டிகள் கரையேறின. பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள். அப்பகுதியில் இயங்கிய தன் கப்பல்களின் சோனாரே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்கக் கடற்படையே அடுத்த ஆண்டு கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளில், நேட்டோ பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள். அறுத்துப் பார்த்த உடல்களில் வாயுக் குமிழ்களும் ரத்தக்கசிவும் இருந்தன. மிரண்டுபோய் மூழ்கும் ஒழுங்கு குலைந்ததால், முக்குளிப்போருக்கு வரும் அழுத்த நோய் போன்றது வந்திருக்கலாம் என்கிறார்கள். இதைக் கூட்டுத் தற்கொலை என்று தலைப்பிடுவது இன்னும் மோசம். துரத்தப்பட்டுச் செத்த உயிரின் மேலேயே பழியைப் போடுகிறது அந்தச் சொல். கலைச்சொல் அகராதியில் பக்கத்தில் கிடப்பதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர், அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒரு முறை பார்த்திருக்கலாமே.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? எதிரொலிமானி என்றால் பாதிதான் பொருந்தும். ஒலி எழுப்பாமல் காது கொடுத்து மட்டும் கேட்கும் சோனாரும் உண்டு. அதற்கு எதிரொலி தேவையில்லை. பொதுப் பெயராகச் சோனாரே இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. ஒலி எழுப்பித் தேடுவதை மட்டும் ஒலித்துழாவி என்பேன். இருட்டில் கையால் துழாவுவது நம் பேச்சிலேயே உள்ள சொல். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதைக் கேட்புச் சோனார் எனலாம். திமிங்கலத்தை விரட்டுவது முதல் வகை. கேனரித் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் ஸ்பெயின் 2004இல் தடை செய்ததும் அதைத்தான்.