ஊசி முதுகில், மரத்துப்போவது கால்

சிசேரியனுக்கும் மூட்டு அறுவை சிகிச்சைக்கும் இப்போது பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. ஆள் விழித்தபடி பேசிக்கொண்டிருப்பார்; இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது.

1898-இல் இதைச் செய்துகாட்டியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர். ஈத்தரும் குளோரோஃபார்மும் வந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் ஈத்தர் வாந்தியில் ஆளை வாட்டும். குளோரோஃபார்ம் அளவு மீறினால் இதயமே நின்றுவிடும். காலை அறுக்க ஆளையே மயக்குவானேன்? கோகெயின் கண்ணை மரக்கவைக்கும் என்று 1884-இல் கார்ல் கோலர் காட்டியிருந்தார். பியர் அதைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் செலுத்தினார்.

நோயாளிகளுக்கு வலி தெரியவில்லை, ஆனால் அப்புறம் தலைவலியும் வாந்தியும் வந்தன. சரி, நம் மேலேயே பார்த்துவிடுவோம் என்று பியர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைக் குத்திவிட்டார். சிரிஞ்சு அதில் பொருந்தவில்லை. தண்டுவட நீர் நிறைய வழிந்துபோனது. உடனே இருவரும் இடம் மாறினார்கள். ஹில்டெபிராண்டுக்குப் போனது 5 மில்லிகிராம்தான். பியர் அவர் தொடையில் எலும்பு வரை ஊசியை இறக்கினார், சுருட்டால் சுட்டார், இரும்புச் சுத்தியலால் காலில் அடித்தார். மனிதர் அசரவில்லை. இரவு ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாட்டம். அதன்பின் பியரைப் பிடித்த தலைவலி ஒன்பது நாள் விடவில்லை: எழுந்தால் வலிக்கும், படுத்தால் போய்விடும்.

வலி நரம்பில் மின்துடிப்பாக ஓடுகிறது. நரம்பிழையில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியாகச் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் துடிப்பு நகரும். மருந்து அந்த வாசல்களை அடைக்கிறது. வலியையும் குளிர்ச்சியையும் கடத்தும் ஒல்லியான இழைகள் முதலில் அடங்கும். தொடுவுணர்வு தாமதமாகத்தான் போகும். ஸ்பிரிட் பஞ்சை வைத்து 'ஜில்லென்று இருக்கிறதா?' என்று கேட்பது இதனால்தான். 'இழுப்பது தெரிந்தது, வலிக்கவில்லை' என்று பலர் சொல்வதும் அதனால்தான். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் சேர்ந்து மரப்பதால் ரத்த அழுத்தம் இறங்கும். அதை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

தண்டுவடத்தில் ஊசி பட்டுவிடாதா? பெரியவர்களுக்கு அது மேல் இடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே. இன்றைய மருந்து புபிவகெயின். அதில் குளுக்கோஸ் கலந்து தண்டுவட நீரைவிடக் கனமாக்கிவிடுகிறார்கள். மேசையைச் சாய்த்த பக்கம் மருந்து இறங்கும். எதுவரை மரக்க வேண்டும் என்பதைச் சாய்வை வைத்தே ஓரளவு தீர்மானிக்கலாம். இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

பியரின் தலைவலிக்குக் காரணம், ஊசி போட்ட துளை வழியாக நீர் கசிந்து மூளையைச் சுற்றிய அழுத்தம் குறைந்தது. இப்போதைய ஊசி மெல்லியது. பென்சில் முனை கொண்ட வகை, தண்டுவட நீரை மூடியிருக்கும் உறையின் நார்களை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும். அதனால் அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

'ஊசி போட்டதிலிருந்து முதுகுவலி' என்ற புலம்பல் மட்டும் வீட்டுக்கு வீடு உண்டு. குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். வருடக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அது காரணமென்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த இடுப்பு மூட்டுகள், குனிந்து குனிந்து குழந்தையைத் தூக்குவது எல்லாம் இருக்கின்றன. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அந்த வலி வரத்தான் செய்கிறது.