மைக்ரோஅக்ரஷன்: நுண்ணாக்கிரமிப்பா, ஊமைக்குத்தா?

“புதிதாக வேலைக்குச் சேரும் கறுப்பினத்தவர் நுண்ணாக்கிரமிப்புகளை எதிர்கொள்கிறார்.” ‘மைக்ரோஅக்ரஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கிய வாக்கியம் இது. படித்தால் என்ன விளங்கும்? யாரோ அவர் மேசையை அரையடி தள்ளிப் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள் என்றுதான். தமிழில் ஆக்கிரமிப்பு என்றால் ஏரி, புறம்போக்கு, நடைபாதை. அகற்ற பொக்லைன் வரும்.

மைக்ரோ கிரேக்கம், சிறியது. அக்ரஷன் லத்தீன், ஒருவரை நோக்கி அடியெடுத்து வருவது. வடமொழி ‘ஆக்ரமண’த்திலும் அதே அடிவைப்புதான். வேர் பொருந்துகிறது, வழக்கு பொருந்தவில்லை. அகராதியைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுகிறவர்கள் விழும் பள்ளம் இது. சொல்லை 1970இல் ஆக்கியவர் ஹார்வர்டு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். அவரும் கறுப்பினத்தவர்.

அந்தச் சொல் குறிப்பது எதை? அமெரிக்க அலுவலகம் ஒன்றில் முதல் வாரம். அடையாள அட்டை கழுத்தில் தொங்கும்போதே “டெலிவரி பின்வாசல் வழியாக” என்பது. பெயர் வாயில் நுழையவில்லை என்று தாங்களே சுருக்கிக் கூப்பிடுவது. கேட்காமல் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது. தனித்தனியே எடுத்தால் எதுவும் புகார் எழுதும் அளவுக்கு வராது. சேரச் சேரத்தான் வலி. செய்தவருக்கே தெரியாமலும் நடக்கும்.

‘நுண்’ணும் இங்கே ஒட்டவில்லை. நுண்கலை, நுண்ணறிவு என்று மெச்சவும் வருகிற சொல் அது. ‘நுண்தாக்குதல்’ என்பாரும் உண்டு. அதில் வேறொரு கேடு. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதிப்படி பணியிடத் தொல்லை வழக்காக நிற்க, அது கடுமையாகவோ ஓயாமலோ நடந்திருக்க வேண்டும். ஒருமுறை சொன்ன சொல் பெரும்பாலும் அந்த வரம்பை எட்டாது. அதனால்தான் நாள், இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் என்று அன்றன்றே குறித்துவைக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ‘தாக்குதல்’ ஆக்கினால், வழக்கு தொடுக்கக்கூடியது எது, கூடாதது எது என்ற கோடே அழிந்துவிடும்.

‘குத்தல்’ நல்ல தமிழ். ஆனால் குத்திப் பேசுகிறவர் தெரிந்தே பேசுகிறார். நான் ‘ஊமைக்குத்து’ என்பேன்: வெளியே தழும்பு தெரியாது, உள்ளே கன்றிப்போயிருக்கும். ‘ஊமை’ பேச இயலாதவரை இழிக்காதா என்றால், ஊமைக்காயம், ஊமைவெயில் ஆகியவற்றில் போல இங்கும் அது ‘வெளித்தெரியாதது’தான். குத்துகிறவரின் எண்ணம் பற்றிய ஐயம் இதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது உண்மை. ஆனாலும் பொக்லைன் வராது.

சொல்லாவது போகட்டும், எடுத்துக்காட்டுகளை மொழிபெயர்ப்பதைப் பாருங்கள். 2007இல் ஜோ பைடன் ஒபாமாவைத் திறம்படப் பேசுபவர், சுத்தமானவர் என்றெல்லாம் புகழப்போய் வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. கறுப்பினத்தவர் இப்படி இருப்பாரா என்ற வியப்பு உள்ளே ஒளிந்திருக்கும் இந்த வகைப் பேச்சை நம் ஆட்கள் “எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்!” என்று பெயர்க்கிறார்கள். வாசகர் விழிக்கிறார்: பாராட்டியது குற்றமா? “பரவாயில்லையே, நன்றாகத்தான் பேசுகிறீர்கள்!” என்று எழுதியிருந்தால் அந்த ‘பரவாயில்லையே’ ஒன்றே போதும், குத்து எங்கே விழுந்தது என்று காட்ட.